பாபநாசம் சிவன்: வீதி பஜனையில் விளைந்த பாட்டு

பாபநாசம் சிவன் (1890–1973) பாடலாசிரியர், மெட்டமைப்பாளர், பாடகர். கர்நாடக இசைக் கச்சேரியில் தமிழ்க் கீர்த்தனைக்கு உறுதியான இடம் பெற்றுத் தந்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர். தமிழ் பேசும் படம் தோன்றிய காலத்தில் அதன் பாட்டுக்கு உருவம் கொடுத்தவரும் அவரே. எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடிப் புகழ்பெற்ற பல பாடல்களுக்குச் சொல்லும் மெட்டும் சிவன் தந்தவை. சங்கீத வித்வான்கள் அவரைத் தமிழ்த் தியாகையர் என்று போற்றினார்கள். தெருவில் கிராமபோன் தட்டைக் கேட்டு முணுமுணுத்தவர்களில் பலருக்கோ பாட்டை எழுதியவர் யாரென்றே தெரியாது. இந்த இரண்டு கூட்டத்தாரையும் ஒருவரே எட்டினார் என்பதுதான் அவர் வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய செய்தி.

பழைய தஞ்சை மாவட்டத்தின் போலகம் கிராமத்தில் 1890 செப்டம்பர் 26 அன்று அவர் பிறந்தார். தந்தை ராமாமிர்தம் ஐயர், தாய் யோகாம்பாள். பெற்றோர் இட்ட பெயர் ராமய்யா. ஏழு வயதில் தந்தை இறந்துபோனார். ஆதரவற்ற தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு 1899இல் திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தார். திருவிதாங்கூர் அரசின் ஊட்டுப்புரைகளில் அந்தணர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு கிடைத்த காலம் அது. வறுமையால் நேர்ந்த இந்த இடமாற்றமே சிறுவனுக்குக் கல்வியைக் கொடுத்தது. மலையாளம் கற்றார், மகாராஜா சம்ஸ்கிருதக் கல்லூரியில் இலக்கணம் படித்துப் பட்டம் பெற்றார். நூரணி மகாதேவ பாகவதரிடமும் சாம்ப பாகவதரிடமும் இசையின் அடிப்படைகளைக் கற்றுக்கொண்டார்.

அந்நாளைய திருவனந்தபுரத்தில் தமிழ்ப் பக்திப் பாட்டுக்கு ஒரு மரபு இருந்தது. கரமனையில் வாழ்ந்த நீலகண்ட சிவன் தமிழில் ஏராளமான கீர்த்தனைகள் பாடியவர். அவர் 1900இல் மறைந்தபோது ராமய்யாவுக்குப் பத்து வயதுதான். ஆனால் அந்தப் பாடல்களும் அவற்றைக் கூட்டமாகச் சேர்ந்து பாடும் பஜனை வழக்கமும் ஊரில் தொடர்ந்தன. தமிழில், எளிய சொல்லில், கூடியிருப்பவர்களும் திருப்பிப் பாடும்படி இறைவனைப் பாடலாம் என்ற எண்ணம் அவருக்குள் விழுந்த இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

1910இல் தாயும் மறைந்தார். இருபது வயது இளைஞர் ஊரை விட்டுப் புறப்பட்டார். கோயில் கோயிலாக நடந்தார். உற்சவ வீதிகளில் பாடினார். அண்ணன் ராஜகோபால ஐயர் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள பாபநாசத்தில் இருந்ததால் அங்கே வந்து தங்குவார். (இந்த ராஜகோபால ஐயரின் மகள்தான் பின்னாளில் நடிகையாகவும் தமிழக முதல்வராகவும் விளங்கிய வி.என். ஜானகி.) உடம்பெல்லாம் திருநீறு பூசி, உருகிப் பாடிவந்த அந்த இளைஞரைக் கண்ட கணபதி அக்ரகாரத்து மக்கள் ‘பாபநாசத்துச் சிவன்’ என்று அழைக்கத் தொடங்கியதாகச் சொல்வார்கள். ராமய்யா என்ற பெயர் வழக்கொழிந்தது. பாட்டின் முத்திரையில் மட்டும் அது தங்கியது: தம் கீர்த்தனைகளில் அவர் ‘ராமதாசன்’ என்றே தம்மைக் குறித்துக்கொண்டார். சிவன் என்று ஊர் அழைக்க, ராமனின் அடிமை என்று தாம் சொல்லிக்கொண்டவர், சிவன், அம்பாள், முருகன், பிள்ளையார், கண்ணன் என்று எல்லாத் தெய்வங்களையும் பேதமின்றிப் பாடியிருக்கிறார்.

தஞ்சை மண்ணில் அவருக்குக் கிடைத்த பெரிய பேறு கோனேரிராஜபுரம் வைத்தியநாத ஐயரின் நெருக்கம். அக்காலத்துப் பாடகர்களில் குரல்வளத்துக்கும் விரிவான ராக ஆலாபனைக்கும் பெயர்பெற்றவர் அவர். முறையாக உட்கார்ந்து பாடம் கேட்டதைவிட, கச்சேரிகளுக்கு உடன் போய்க் கேட்டுக் கேட்டே சிவன் ராகங்களின் நடமாட்டத்தை உள்வாங்கினார். இதன் பயன் அவருடைய பெரிய கீர்த்தனைகளில் தெரியும். காம்போதி, தோடி, கல்யாணி போன்ற ராகங்களில் அவர் அமைத்த மெட்டுகளின் பல்லவியைப் பாடியவுடனே ராகம் முழு வடிவில் எதிரே வந்து நின்றுவிடும்.

முதல் கீர்த்தனை திருவாரூரில், தியாகராஜப் பெருமான் மீது, குந்தலவராளி ராகத்தில் பிறந்தது. சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த ஊர் அது. ஆனால் அவர்கள் பாடியதெல்லாம் பெரும்பாலும் தெலுங்கிலும் சம்ஸ்கிருதத்திலும். சீர்காழியில் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், பின்னர் நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதி என்று தமிழிலும் பாடலாசிரியர்கள் வரிசையாக இருந்தார்கள். என்றாலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கச்சேரியின் நடுப்பகுதி தெலுங்குக் கீர்த்தனைகளுக்கே உரியது. தமிழ்ப் பாட்டு கடைசியில் வரும் துக்கடா. ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம் ஆகிய மூன்றுக்கும் தாங்கும் வலிமையோடு புதிய தமிழ்க் கீர்த்தனைகள் வந்தாலொழிய அந்த நிலை மாறாது. சிவன் அவற்றைக் கொண்டுவந்தார்.

அவருடைய கீர்த்தனைகள் தியாகையர் கையாண்ட அமைப்பையே பின்பற்றுகின்றன. பல்லவி சுருக்கமாக, நேரடியான அழைப்பாகவோ கேள்வியாகவோ இருக்கும். அனுபல்லவி அதை ஒரு படி மேலே கொண்டுபோகும். சரணத்தில்தான் சொல் பெருகி ஓடும். எதுகை அடுக்கடுக்காக வரும். பல்லவியில் சொற்கள் குறைவு, நெடில்கள் அதிகம். அதனால் பாடகர் ஒரே வரியைச் சங்கதி சங்கதியாக வளர்க்க இடமிருக்கிறது. வராளியில் அமைந்த முருகன் பாட்டான ‘கா வா வா’வின் தொடக்கத்தில் வருவதெல்லாம் ஓரெழுத்துச் சொற்களே. கேட்பவர் ஒரு முறை கேட்டதும் பிடித்துக்கொள்வார். பாடுபவர் ஆயுள் முழுவதும் அதில் புதிதாக எதையாவது கண்டுகொண்டிருப்பார். கூட்டத்தோடு நடந்துகொண்டே பாடிப் பழகியவருக்கே இந்தச் சிக்கனம் கைவரும்.

உணர்ச்சியிலும் அவர் பேச்சு மொழியை விட்டு வெகுதூரம் போவதில்லை. நவரசகன்னடாவில் அமைந்த ‘நான் ஒரு விளையாட்டு பொம்மையா’ அம்பாளிடம் ஒரு பிள்ளை உரிமையோடு கேட்கும் கேள்வி. டி.கே. பட்டம்மாள் அதைப் பாடியபோது, மனக்குறையும் பாசமும் ஒரே குரலில் ஒலித்தன. காபியில் அமைந்த ‘என்ன தவம் செய்தனை’ யசோதையைப் பார்த்து வியக்கிறது. பரம்பொருளைப் பிள்ளையாக எடுத்து வளர்த்த பேற்றை எண்ணி மாய்ந்துபோகிறது. இன்று பரதநாட்டிய மேடையில் இந்தப் பாட்டுக்கு அபிநயம் பிடிக்காத நடனக் கலைஞரைக் காண்பது அரிது. நாட்டியத்துக்கென்றே அவர் பதவர்ணங்களும் இயற்றினார். நாட்டக்குறிஞ்சியில் நடராஜர் மீது அமைந்த வர்ணம் அவற்றுள் பெரும்புகழ் பெற்றது.

அவருடைய நடையில் வடசொல் மிகுதி என்ற குறை அந்நாளிலேயே சொல்லப்பட்டது. அது உண்மைதான். சம்ஸ்கிருதம் படித்து வளர்ந்தவரின் நாவில் அந்தச் சொற்கள் இயல்பாக வந்தன. சில சரணங்களில் நீண்ட தொகைச்சொற்கள் தமிழின் ஓட்டத்தைத் தடுக்கவும் செய்கின்றன. ஆனால் மக்கள் நெஞ்சில் நின்ற பாடல்களைப் பார்த்தால், பெரும்பாலும் எளிய தமிழில் அமைந்தவைதான் நின்றிருக்கின்றன.

1930இல் சிவன் சென்னைக்குக் குடிவந்தார். மயிலாப்பூர் அவருக்கு ஊரானது. மார்கழி விடியற்காலையில் கபாலீஸ்வரர் கோயிலின் நான்கு மாட வீதிகளிலும் அவர் பஜனை பாடி வருவார். பெரிய வித்வான்களும் அந்தக் கோஷ்டியில் சேர்ந்துகொள்வார்கள். பங்குனிப் பெருவிழாவில் கபாலி அதிகாரநந்தி வாகனத்தில் பவனி வரும் காட்சியைக் காம்போதியில் ‘காணக் கண் கோடி வேண்டும்’ என்று பாடினார். நவரத்தின நகைகளும் மலர்மாலைகளும் திருமுக அழகும் அதில் ஒவ்வொன்றாக வருகின்றன. அந்த வீதியில் நின்று பார்த்தவர் எழுதிய பாட்டு என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. மதுரை மணி ஐயர் இதையும் மோகனத்தில் அமைந்த ‘காபாலி’யையும் மேடைதோறும் பாடிப் பரப்பினார். நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அழைத்ததன் பேரில் அவருடைய கலைப்பள்ளியான கலாக்ஷேத்திராவிலும் சிவன் இசை கற்பித்தார்.

மயிலாப்பூரில் அவரிடம் பாட்டுக் கற்றுக்கொண்ட சிறுவர்களில் ஒருவர் எஸ். ராஜம். ராஜமும் அவருடைய தங்கை ஜெயலட்சுமியும் ராமனும் சீதையுமாக நடித்த ‘சீதா கல்யாணம்’ படத்துக்குப் பாட்டெழுதித்தான் சிவன் திரைக்கு வந்தார். ராஜத்தின் தம்பி எஸ். பாலசந்தரும் அதில் தோன்றினார். பின்னாளில் வீணை பாலசந்தர் என்று உலகம் அறிந்தது அவரைத்தான். அதே 1934இல் வந்த ‘பவளக்கொடி’ எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு முதல் படம். அதன் பாட்டுகளும் சிவனுடையவை.

அக்காலப் படங்களில் நாற்பது, ஐம்பது பாட்டு இருப்பது வழக்கம். பின்னணி பாடும் முறை இன்னும் வரவில்லை. நடிப்பவரே காமிரா முன் நின்று பாட வேண்டும். பாட்டை எழுதுவது, மெட்டமைப்பது, நடிகருக்கு அடி அடியாகச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் பல நேரங்களில் ஒருவர் தலையிலேயே விழும். சிவன் சொல்லையும் மெட்டையும் பிரித்து யோசித்தவரல்லர். இரண்டும் அவருக்குச் சேர்ந்தே வரும். பாகவதரின் சாரீரமோ மேல் ஸ்தாயியில் சுலபமாகச் சஞ்சரிப்பது. இருவர் கூட்டில் ‘சிந்தாமணி’ (1937), ‘அம்பிகாபதி’ (1937), ‘திருநீலகண்டர்’ (1939), ‘அசோக்குமார்’ (1941), ‘சிவகவி’ (1943) என்று படங்கள் வரிசையாக வெற்றி பெற்றன. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதில் சாருகேசியில் அமைந்த ‘மன்மத லீலையை’ வெளிவந்த பிறகு, மேடையில் அதிகம் கேட்காத அந்த ராகம் வண்டியோட்டியின் வாயிலும் புழங்கியது. ராகத்தின் பெயர் தெரியாமலே லட்சக்கணக்கானோர் அதன் சாயலைத் தெரிந்துகொண்டார்கள். கச்சேரி இசைக்கு இதைவிடப் பெரிய தொண்டு சபாக்களில்கூட நடந்ததில்லை என்றே சொல்லலாம்.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் படமான ‘சேவாசதனம்’ (1938) தொடங்கி ‘சகுந்தலை’, ‘சாவித்திரி’, ‘மீரா’ வரை அவர் நடித்த படங்களிலும் சிவனுடைய பாட்டுகள் உண்டு.

சிவன் நடிக்கவும் செய்தார். கே. சுப்ரமணியம் இயக்கிய ‘பக்த குசேலா’வில் (1936) ஏழைக் குசேலராக வந்தார். அதே இயக்குநரின் ‘தியாகபூமி’யில் (1939) சம்பு சாஸ்திரி. கல்கி எழுதிய இந்தக் கதை, படத்தின் காட்சிப் படங்களோடு ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஊரார் தள்ளிவைத்த பின்னும் பஜனையை விடாத, ஏழை எளியவர்களுக்கு இரங்கும் சாஸ்திரியாக நடிக்கச் சிவனுக்குப் பெரிய பயிற்சி எதுவும் தேவைப்பட்டிருக்காது. விடுதலை இயக்கத்துக்கு ஆதரவாகப் பேசிய அந்தப் படத்தை 1940இல் ஆங்கில அரசு தடை செய்தது.

1944 இறுதியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானதோடு அந்தக் கூட்டின் பொற்காலம் முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தமிழ் சினிமாவே வேறாகிவிட்டது. பாட்டுகள் குறைந்தன, வசனம் ஓங்கியது, உடுமலை நாராயணகவி, மருதகாசி, கண்ணதாசன் என்று புதிய கவிஞர்கள் புதிய மொழியோடு வந்தார்கள். பக்தியும் வடசொல்லும் கலந்த பழைய நடைக்குத் திரையில் இடம் சுருங்கியது.

கச்சேரி மேடையில் நேர்மாறாக நடந்தது. 1940களில் தமிழிசை இயக்கம் வலுப்பெற்று, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோது, ‘பாடுவதற்குத் தமிழில் உருப்படிகள் எங்கே’ என்ற கேள்வி எழுந்தது. அதற்குக் கிடைத்த நல்ல விடைகளில் ஒன்று சிவனின் ‘கீர்த்தனை மாலை’ தொகுதிகள். இயக்கத்தில் பங்குகொண்டவர்களும் விலகி நின்றவர்களும் ஒருசேர அவற்றை எடுத்துப் பாடினார்கள்.

பிற்காலத்தில் அவர் சம்ஸ்கிருதச் சொற்களுக்கு ஒரு பெரிய அகராதி தொகுத்தார். ராமாயணத்தைப் பாட்டாக்கி ‘ஸ்ரீராம சரித கீதம்’ இயற்றினார். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1971இல் அவருக்குக் கிடைத்தபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. மேடைப் பாடகர்களும் வாத்தியக் கலைஞர்களுமே பெரும்பாலும் பெற்றுவந்த அந்த விருதை, முதன்மையாகப் பாட்டியற்றியவர் ஒருவர் பெற்றார். மறு ஆண்டு இந்திய அரசு பத்மபூஷண் அளித்தது. 1973 அக்டோபர் 1 அன்று சென்னையில் காலமானார். அவருடைய மகளும் பாடகியுமான ருக்மிணி ரமணி, தந்தையின் கீர்த்தனைகளை ஸ்வரக் குறிப்போடு பதிப்பித்தார். மயிலை மாட வீதிகளின் மார்கழி பஜனையையும் குடும்பத்தாரும் சீடர்களும் விடாமல் நடத்தி வந்திருக்கிறார்கள்.