நீரகத்தால் ஓடும் கப்பல்

மலாக்கா நீரிணையில் நாள்தோறும் செல்லும் பெருங்கப்பல்கள் பெரும்பாலும் எண்ணெயை எரித்தே ஓடுகின்றன. அதற்கு மாற்றாக அறிஞர்கள் நாடும் எரிபொருள்களுள் ஒன்று நீரகம், அதாவது ஹைட்ரஜன். 'நீரை ஆக்குவது' என்பதே அக்கிரேக்கச் சொல்லின் பொருள். நம் தமிழ்ச்சொல் அதற்கு எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது! எரிபொருள் மின்கலத்தில் நீரகமும் உயிரகமும் கூடும்போது மின்சாரம் பிறக்கிறது, எஞ்சுவது நீரே.

கொச்சிக் கப்பல் கட்டும் தளம் அமைத்த இத்தகைய பயணப் படகு, 2024 பிப்ரவரி 28-ஆம் நாள் தூத்துக்குடியில் நடந்த விழாவிலே தொடங்கி வைக்கப்பட்டது. 1906-இல் வ. உ. சிதம்பரனார் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம் கண்ட ஊர் அது.

ஆயினும் ஆற்றுப் படகு வேறு, ஆழ்கடற் கப்பல் வேறு. நிறைக்கு நிறை நீரகம் எண்ணெயைப்போல் ஏறத்தாழ 3 மடங்கு ஆற்றல் தரும். இடத்தையோ மிகுதியாக அடைக்கும். சுழிக்குக் கீழ் 253 பாகை செல்சியஸ் குளிரில் நீர்மமாக்கினும், அதே ஆற்றலுக்கு எண்ணெயைவிட ஏறத்தாழ 4 மடங்கு இடம் வேண்டும். சரக்குக்குரிய இடத்தைத் தொட்டி விழுங்கினால் வணிகர் இசைவரோ?

இதனினும் பெரிய சிக்கல், நீரகம் பிறக்கும் வழி. இன்று அதன் பெரும்பகுதி இயற்கைவாயு, நிலக்கரி ஆகியவற்றிலிருந்தே பெறப்படுகிறது. அங்கே கரியமிலவாயு வெளியேறிவிடுகிறது. கடலில் தவிர்த்த கரியை ஆலையில் விடுவதைத் தூய்மை என்று கொள்ளலாகாது. கதிரவனும் காற்றும் தரும் மின்சாரத்தால் நீரைப் பகுத்துப் பெறும் நீரகமே கருதத்தக்கது. அதற்கோ இன்று விலை மிகுதி.