நீரில் இறங்கிய மான் யாருக்கு உரியது?

வேட்டைக்குச் சட்டம் இடம்தரும் நாடுகளில், குண்டடியோ அம்படியோ பட்ட மான் ஏரியிலோ ஆற்றிலோ இறங்கிவிட்டால் அதை எவ்வாறு கரைசேர்ப்பது என்பது வேட்டைக்காரரின் திறமையையும் ஒழுக்கத்தையும் சார்ந்த கேள்வியாகக் கருதப்படுகிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், காயப்படுத்திய விலங்கைத் தேடிக் கண்டெடுக்க நியாயமான முயற்சி எடுக்காமல் விட்டுச்செல்வதே தண்டனைக்குரிய செயலாகும். இந்தியாவில் அதே நிலைமை எழும்போது கேள்வியின் பொருளே மாறிவிடுகிறது. இங்கே மானைக் காயப்படுத்தியவுடன் குற்றம் முழுமையடைந்துவிடுவதால், நீருக்குள் நிற்கும் மான் அரசின் உடைமையாகவும் வழக்கின் சான்றாகவும், உயிர் இருக்கும்வரை சிகிச்சைக்குரிய விலங்காகவும் ஒரே நேரத்தில் ஆகிறது. சுட்டவருக்கு மட்டுமன்றி, கரையில் நின்று பார்ப்பவருக்கும் இரக்கப்பட்டு நீரில் இறங்குபவருக்கும் இதனால் வரும் விளைவுகள் உண்டு. பலர் அறியாமல் சிக்கிக்கொள்வது அங்கேதான்.

காயம்பட்டுத் தப்பியோடும் விலங்கு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு மிகப் பழையது. காயப்படுத்தியவர் விடாமல் துரத்திக்கொண்டிருக்கும் வரை விலங்கு அவருடையதே என்று ட்ரெபேஷியஸ் என்ற ரோமானியச் சட்ட அறிஞர் கருதியதையும், கைக்கு எட்டுவதற்குள் எத்தனையோ நேரலாம் என்பதால் பிடித்தவருக்கே அது சொந்தம் என்று பெரும்பாலோர் மறுத்ததையும் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கையஸ் என்ற மற்றொரு ரோமானியச் சட்ட அறிஞர் பதிவுசெய்தார். 1805இல் நியூயார்க் நீதிமன்றம் ஒரு நரியைப் பற்றிய பியர்சன் – போஸ்ட் வழக்கில், துரத்தியதனால் மட்டும் உரிமை பிறக்காது என்று தீர்ப்பளித்ததும் இந்த வாதத்தின் தொடர்ச்சியே. காட்டு விலங்கு எவருக்கும் சொந்தமற்றது, முதலில் கைப்பற்றுபவருக்கே அது உரியது என்பதுதான் இவ்விவாதங்களின் அடித்தளம். இந்தியச் சட்டம் அந்த அடித்தளத்தையே பெயர்த்துவிட்டது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் வேட்டையை முற்றிலும் ஒழிக்கவில்லை. உரிமம் பெற்றுச் சில விலங்குகளை வேட்டையாட அது இடம்தந்தது. ஆயினும் அக்காலத்திலும், நீர் அருந்தும் இடத்திலோ அங்கு செல்லும் தடத்திலோ மானைச் சுடுவதை அது தடைசெய்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1991இல் வந்த திருத்தம் உரிம முறையை நீக்கியது. இன்று 9ஆம் பிரிவு, அட்டவணையில் இடம்பெற்ற காட்டு விலங்குகளை வேட்டையாடுவதைத் தடைசெய்கிறது. ‘வேட்டை’ என்ற சொல்லுக்கு 2ஆம் பிரிவு தரும் விளக்கமோ, கொல்வதோடு நிற்காமல், பிடித்தல், கண்ணி வைத்தல், நாய்விட்டுத் துரத்துதல், விரட்டிச் செலுத்துதல், இரைவைத்து ஈர்த்தல், காயப்படுத்துதல், உடலின் ஒரு பகுதியை எடுத்தல் ஆகியவற்றையும், கொல்வதற்கோ பிடிப்பதற்கோ செய்யும் முயற்சியையும் உள்ளடக்குகிறது. ஆகவே ஒரு மானை நாய்களை ஏவி ஏரிக்குள் விரட்டியவர், அதன்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. சுட்டுவிட்டுப் பரிசலில் ஏறிப் பின்தொடர்பவர் முதல் குற்றத்தின்மேல் இன்னொன்றை அடுக்குகிறார். அந்தப் பரிசலும் பறிமுதலுக்கு உள்ளாகும். குற்றத்துக்குப் பயன்பட்டுக் கைப்பற்றப்பட்ட வாகனம், படகு, ஆயுதம், பொறி, கருவி அனைத்தும் அரசின் உடைமை என்று 39ஆம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது.

இந்த 39ஆம் பிரிவே இங்கு மையமானது. சட்டத்தை மீறி வேட்டையாடப்பட்ட விலங்கும், இறந்து கிடக்கக் காணப்பட்ட விலங்கும், தவறுதலாகக் கொல்லப்பட்ட விலங்கும் அரசுக்கே உரியவை. அரசு அனுமதியுடன் சுடப்பட்ட விலங்குகூடச் சுட்டவருக்குச் சொந்தமாவதில்லை. ‘தீங்குயிர்’ என்று அறிவிக்கப்பட்ட விலங்குகள் மட்டுமே இதற்கு விலக்கு. அரசின் உடைமையான ஒன்று எந்த வழியிலாவது ஒருவர் கைக்கு வந்துவிட்டால், அவர் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவித்து, கேட்டால் ஒப்படைக்க வேண்டும். ஏரியில் மிதந்துவந்த மானின் உடலைக் கரைக்கு இழுத்து, இனி யாருக்கும் பயனில்லை என்று பங்கிட்டுக்கொள்ளும் ஊராரும், தாயை இழந்த குட்டியை வீட்டுக்குத் தூக்கிவந்து பால் புகட்டும் இரக்கமுள்ளவரும் இந்த 48 மணி நேர வரம்புக்குள் வருகிறார்கள். இறைச்சியோ கொம்போ ஒருவரிடம் இருப்பது நிறுவப்பட்டால் அது முறையற்ற உடைமை என்றே 57ஆம் பிரிவின்படி ஊகிக்கப்படும். அப்படியல்ல என்று மெய்ப்பிக்கும் சுமை குற்றம்சாட்டப்பட்டவர் தலையில் விழுகிறது. பொதுவான குற்றவியல் வழக்குகளில் இச்சுமை அரசுத் தரப்பில் இருப்பதை நினைத்துப் பார்த்தால், இந்தப் பிரிவின் கடுமை விளங்கும்.

தண்டனை விலங்கின் அட்டவணையைப் பொறுத்தது. 2022இன் திருத்தத்துக்குப் பின் புள்ளிமான் இரண்டாம் அட்டவணையில் இருப்பதால், அதை வேட்டையாடியவருக்கு 3 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். முதல் அட்டவணையில் உள்ள வெளிமானுக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ வேட்டை நடந்தால், விலங்கு எதுவானாலும் இந்தக் கூடுதல் தண்டனையே பொருந்தும்; வெளியே சுடப்பட்ட புள்ளிமானைத் துரத்திச் சரணாலய ஏரிக்குள் நுழைபவர், தாமே தம் தண்டனையை ஏற்றிக்கொள்கிறார்.

இச்சட்டத்தின் மத்திய நிர்வாகம் தில்லியில் லோதி ரோட்டைச் சுற்றியே அமைந்துள்ளது. அங்குள்ள சி.ஜி.ஓ. வளாகத்தில் தேசியப் புலிகள் காப்பக ஆணையமும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையமும் இயங்குகின்றன. சுற்றுச்சூழல், வனம், பருவநிலை மாற்ற அமைச்சகத்தின் இந்திரா பர்யாவரண் பவன் பக்கத்திலுள்ள ஜோர் பாக் சாலையில் இருக்கிறது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2023இல் தில்லி ஹவுஸ் காஸ் மான் பூங்காவின் அங்கீகாரத்தை ரத்துசெய்து, அங்கிருந்த சுமார் 600 மான்களில் பெரும்பகுதியை ராஜஸ்தானுக்கு அனுப்ப முடிவானபோது எழுந்த வழக்குகள், மான்களைப் பிடிப்பதும் ஏற்றிச்செல்வதும் எவ்வளவு சிக்கலான பணி என்பதைப் பொதுமக்களுக்கும் உணர்த்தின.

ஆனால் ஏரியில் மான் தத்தளிக்கும் நேரத்தில் லோதி ரோட்டுக்கு மனு எழுதுவது வீண். அந்த ஆணையங்கள் கொள்கை வகுக்கின்றன, மீட்பு மையங்களுக்கும் பூங்காக்களுக்கும் அங்கீகாரம் தருகின்றன. கயிற்றுடன் வந்து நிற்பவர் அந்தந்தப் பகுதியின் வனக்காப்பாளரும் வனச்சரகரும்தான். அவர்களுடைய எண் கையில் இல்லையென்றால் 112ஐ அழைத்துக் காவல்துறை வழியாகவும், நீர்நிலையாகவோ கிணறாகவோ இருந்தால் 101இல் தீயணைப்புத் துறை வழியாகவும் செய்தியைச் சேர்க்கலாம். தமிழ்நாட்டில் கிணற்றில் விழுந்த மான்களைப் பெரும்பாலும் கரையேற்றுவது தீயணைப்பு வீரர்களே.

மான் ஏன் நீரை நாடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், கரையில் நிற்பவர் செய்யக்கூடாதவை தாமாகவே விளங்கும். முதுமலை, பந்திப்பூர், பெரியாறு போன்ற காடுகளில் செந்நாய்க் கூட்டம் துரத்தும்போது மான் நீரில் இறங்குவது வழக்கம். நீண்ட கால்களையுடைய கடமான் தரையூன்றி நிற்கும் ஆழத்தில் செந்நாய் நீந்தித்தான் ஆக வேண்டும். கிண்டியைப் போன்ற நகர்ப்புறக் காடுகளைச் சுற்றி அந்தச் செந்நாயின் இடத்தைத் தெருநாய்கள் பிடித்துள்ளன. ஆக, நீர் என்பது மானுக்குக் கடைசி அரண். அந்நிலையில் நிற்கும் புள்ளிமானின் தலையும் கழுத்தும் மட்டுமே வெளியே தெரியும். காதுகள் பின்னே ஒட்டியிருக்கும், மூக்குத்துளைகள் விரிந்திருக்கும், வாய் திறந்து மூச்சு வாங்கும். கரையில் ஆள் சேரச் சேர, கைப்பேசிகள் உயர உயர, அது ஒவ்வோர் அடியாக ஆழத்தை நோக்கிப் பின்வாங்கும். இவ்வாறு மூழ்கும் மானைக் கொல்வது காயம் அன்று, கரையில் கூடிய கூட்டமே.

கரையேறிய பின்னும் ஆபத்து நீங்குவதில்லை. அளவுக்கு மீறிய ஓட்டமும் அச்சமும் சேர்ந்து தசைநார்களைச் சிதைத்து, அதனால் இரத்தத்தில் கலக்கும் அமிலமும் தசைப்புரதமும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் செயலிழக்கச் செய்யும் நிலையைக் கால்நடை மருத்துவர்கள் ‘பிடிப்புத் தசைச்சிதைவு’ என்கின்றனர். மான் இனங்கள் இதற்கு எளிதில் இலக்காகும். காயமே இல்லாமல் மீட்கப்பட்ட மான் சில மணி நேரத்திலோ சில நாளிலோ இறந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால்தான் மீட்பவர்கள் முதலில் அதன் கண்களைத் துணியால் மூடுகின்றனர்; பேச்சைக் குறைக்கின்றனர்; தடவிக்கொடுப்பதைத் தவிர்க்கின்றனர். மனிதக் கையின் வருடல் நாய்க்கு ஆறுதல், மானுக்கு அது கொன்றுண்ணியின் பிடி. அசைபோடும் விலங்காதலால் பக்கவாட்டில் நீண்ட நேரம் கிடத்தினால் வயிறு உப்பி மூச்சுத் திணறும். மார்பு தரையில் படியும்படி, தலையைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். கழுத்தில் சுருக்குக் கயிறு எறிவது மூச்சை நெரிக்கும். கொம்பைப் பற்றி இழுப்பதும் தவறு: வளரும் பருவத்தில் கொம்பின்மேல் மெல்லிய மயிர்த்தோல் போர்த்தியிருக்கும், அதனுள் இரத்த ஓட்டம் நிறைந்திருக்கும், முறிந்தால் இரத்தம் பெருகும். மயக்க ஊசி போட ஏன் தாமதம் என்று கரையில் நிற்பவர்கள் மருத்துவரிடம் சண்டையிடுவது வாடிக்கை; நீருக்குள் நிற்கும் விலங்கு மயங்கினால் மூழ்கிவிடும் என்பதே விடை. பெரும்பாலும் ஒரு பக்கக் கரையை முற்றிலும் காலிசெய்து, நாய்களை அகற்றி, மான் தானாக ஏறிச்செல்லக் காத்திருப்பதே சிறந்த மீட்பாகிறது.

நீரில் குதிக்கும் மனிதருக்கும் ஆபத்து குறைவன்று. மானின் குளம்பு உதை எலும்பை முறிக்கும், ஆண்மானின் கொம்பு குடலைக் கிழிக்கும், சேறும் ஆகாயத்தாமரைக் கொடியும் நீந்தத் தெரிந்தவரையும் அமிழ்த்தும். நாய் கடித்த மானுக்கு வெறிநோய் தொற்றியிருக்கலாம் என்பதால், அதன் எச்சில் காயத்தில் பட்டவர் அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும்.

சட்டம் மனிதருக்கும் சில உரிமைகளைத் தருகிறது. தம்மையோ பிறரையோ காத்துக்கொள்ள நல்லெண்ணத்துடன் ஒரு காட்டு விலங்கைக் கொல்வதும் காயப்படுத்துவதும் 11ஆம் பிரிவின்படி குற்றமன்று. ஆயினும் அந்த விலங்கும் அரசுக்கே உரியது. முதல் அட்டவணையில் இல்லாத விலங்கு பயிரையோ உடைமையையோ அழித்தால், அதை அகற்ற மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணங்களை எழுதி ஆணையிடலாம். பயிரிழந்த உழவர் கேட்க வேண்டியது அந்த ஆணையையும் மாநில அரசின் இழப்பீட்டையும். நாட்டுத் துப்பாக்கியும் சுருக்குக் கம்பியும் அவரைக் குற்றவாளியாக்குவதோடு முடிகின்றன. வன உரிமைச் சட்டம் 2006 காட்டில் வாழ்வோரின் மரபுரிமைகளை ஏற்றபோதும் வேட்டையை அதிலிருந்து விலக்கியது. நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு மட்டும் அவ்வுரிமையை வனவிலங்குச் சட்டத்தின் 65ஆம் பிரிவு காக்கிறது.

வேட்டையைக் கண்டு புகார் தந்தும் துறை அசையவில்லையெனில், பொதுமக்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. குற்றத்தையும் தாம் வழக்குத் தொடரும் எண்ணத்தையும் குறிப்பிட்டு 60 நாளுக்குக் குறையாத முன்னறிவிப்புத் தந்த எவரும், 55ஆம் பிரிவின்படி நேரே நீதிமன்றத்தில் முறையீடு செய்யலாம். புகார் என்னவாயிற்று என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். குற்றத்தைக் கண்டுபிடிக்க உதவியவருக்கு அபராதத் தொகையில் பாதி வரை பரிசளிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இவற்றுள் எதுவும் சாட்சிக்கு மாற்றாகாது. 1998 அக்டோபரில் ஜோத்பூர் அருகே காங்காணியில் வெளிமான்கள் கொல்லப்பட்ட வழக்கில் புகழ்பெற்ற திரைநடிகர் ஒருவருக்கு 2018 ஏப்ரலில் விசாரணை நீதிமன்றம் 5 ஆண்டு சிறை விதித்தபோது, அத்தீர்ப்பு பின்னர் மேல்முறையீட்டுக்குச் சென்றதென்றாலும், வழக்கு அத்தனை ஆண்டுகள் நிலைத்து நின்றதற்குக் காரணம் சாட்சி சொல்வதிலிருந்து பின்வாங்காத பிஷ்னோய் சமூகத்துக் கிராமத்தார்தான்.

எனவே காயம்பட்ட மானை நீரில் காண்பவர், இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, தொலைவிலிருந்தே படமெடுத்து, தோட்டா உறையையும் கம்பியையும் காலடித் தடத்தையும் தொடாமல் விட்டு, வனத்துறைக்குத் தெரிவித்தபின், மான் ஏறிவரக்கூடிய கரையைவிட்டுத் தாமும் விலகிப் பிறரையும் விலக்கி நிற்க வேண்டும்.