யானைக்கு ஒரு குட்டியானை

டபுள் பேஸ் வாசிப்பவரிடம் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டால் மழுப்புவார். போன கச்சேரிக்கு வண்டிச்சத்தம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள், காசு சுத்தமாகச் சொல்வார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிறோமே, அது இந்த வாத்தியத்தைப் பார்த்துச் சொன்னதோ என்றுகூட எனக்குச் சந்தேகம். ஆசிரியர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘தங்கவயலில் மேற்கத்திய இசை’. கையில் சிக்கியது சுமைகூலி.

கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் என்கிற பகுதியில் ஒரு பிள்ளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சர்ச் காயரில் பாடி, நொட்டேஷன் படிக்கப் பழகி, கிட்டாரைத் தொட்டு, கடைசியில் ஆளைவிட உயரமான இந்த வாத்தியத்தில் வந்து நின்ற பிள்ளை. சுரங்கத் துரைமார் கிளப்பும் ஆங்கிலோ இந்தியர் வீட்டு பியானோவும் இருந்த ஊரில் இது ஒன்றும் நடக்காத கதையல்ல. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடிய கதையை இங்கே மறுபடி சொல்லப்போவதில்லை. அதற்கப்புறம் ஏராளமான குடும்பங்களுக்குச் சோறு பெங்களூரில். போக வர ரயில். மாரிக்குப்பத்தில் கிளம்பி, சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஆள் ஏற்றிக்கொண்டு வரும் காலை வண்டியில், பங்காருப்பேட்டை தாண்டினால் கால் மாற்றி வைக்க இடமிருக்காது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர்.

இந்த வண்டியில் டபுள் பேஸை ஏற்றிப் பாருங்கள்.

உயரம் 180 சென்டிமீட்டர் வரும். எடை சுமார் 10 கிலோதான், அதுவல்ல பிரச்சினை. உடம்புக்குள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு மரக்குச்சி நிற்கிறது. சவுண்ட் போஸ்ட் என்பார்கள். அதை ஆணி அடித்தோ பசை போட்டோ நிறுத்தவில்லை. மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே இறுக்கத்திலேயே நிற்கிறது. நாலு கம்பியும் மேலே அழுத்திக்கொண்டிருக்கும்வரை அது நிற்கும். கூட்டத்தில் ஒரு முழங்கை பட்டு, கம்பிகளைத் தாங்கும் குதிரை சரிந்து, கம்பி தளர்ந்தால், குச்சி உள்ளே விழுந்து உருளும். அதோடு அன்றைய கச்சேரி முடிந்தது. கிடத்தி வைக்கலாமே என்றால், விலாப்பக்கமாகத்தான் கிடத்த வேண்டும். அது மூன்று பேர் நிற்கிற இடம். அலுவலகத்துக்குப் போகிறவர்கள் சும்மா விடுவார்களா?

ரயிலைவிட்டு இறங்கியதும், வாத்தியத்தைத் தரையில் ஊன்றுகிற அடிமுள்ளைக் கழற்றி அந்த ஓட்டையில் சின்னச் சக்கரம் மாட்டி உருட்டிப் போகிற வசதி உண்டு. நம்மூர் பிளாட்பார மேம்பாலத்தைக் கட்டியவர்களுக்கு அந்தச் சக்கரத்தைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆக, டாடா ஏஸ். ஊரில் அதற்குக் குட்டியானை என்று பெயர். இசையமைப்பாளர் செயின்ட் சான்ஸ் 1886-இல் எழுதிய ‘விலங்குகளின் திருவிழா’வில் யானை வருகிற பகுதியை வாசிப்பது இதே டபுள் பேஸ்தான். யானையைக் குட்டியானையில் ஏற்றி நூறு கிலோமீட்டர் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் வாடகையை, ஒரு நிகழ்ச்சிக்குக் கொடுக்கிற காசில் கழித்துப் பாருங்கள்.

அந்தக் காசும் தினம் வருவதில்லை. ஹாண்டெலின் ‘மெசையா’வைப் பாடுகிற டிசம்பரில் நாலு இடத்திலிருந்து கூப்பிடுவார்கள், ஒரே தேதிக்கு. ஜூனில் போன் அடிக்காது. நாற்பது பேர் உட்காரும் இசைக்குழுவில் வயலினுக்கு நிறைய நாற்காலி, பேஸுக்கு இரண்டோ மூன்றோ. கோடம்பாக்கத்தில் எல்லா வாத்தியமும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே டேக்கில் வாசித்த காலத்தில் கால்ஷீட் உண்டு. பிறகு பேஸ் கிட்டார் வந்தது, கீபோர்டு வந்தது. இன்று கம்ப்யூட்டரில் பதிந்து வைத்த பேஸுக்கு வண்டி வாடகையே கிடையாது. மும்பையில் 2006-இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது. அதில் வாசிப்பவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள். 2025 மார்ச் 8-இல் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோது ராயல் பில்ஹார்மானிக் வாசித்தது. லண்டனின் பெரிய இசைக்குழுக்கள் சிலவற்றில் உறுப்பினர்களே மாதச் சம்பளக்காரர்கள் இல்லை, வாசித்த அன்றைக்குத்தான் கூலி. அங்கும் பேஸ்காரர் கார் வாங்கும்போது முதலில் பார்ப்பது பின்சீட் மடங்குமா என்று.

எலெக்ட்ரிக் பேஸ் வாங்கிக்கொண்டு போகலாமே, பெங்களூருக்கே குடி போகலாமே என்பார்கள். முதலாவது பீத்தோவனுக்கு ஆகாது. இரண்டாவதுக்கு அட்வான்ஸ் யார் கொடுப்பது?

நடைமுறையில் பலர் செய்வது வேறு. வாத்தியத்தை நகரத்திலேயே ஒரு பள்ளியிலோ சர்ச்சிலோ விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்கள். அல்லது போகிற இடத்தில் இருக்கிற பேஸை இரவல் வாங்கி வாசிக்கிறார்கள். எனக்கு இதுதான் உறுத்துகிறது. கிட்டாரில் விரல் வைக்க இடம் காட்டுகிற ஃப்ரெட் பேஸில் கிடையாது. கழுத்தின் மேல்முனையில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் தூரம் அதிகம். ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே கையை முழுக்க விரித்தால்தான் ஒரு முழு ஸ்வரம். மோதிர விரலுக்குத் தனி வேலை இல்லை, சுண்டு விரலுக்கு முட்டுக்கொடுக்கிறது. அந்தத் தூரத்தைக் கண் பார்ப்பதில்லை, தோள்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. இரவல் பேஸில் கம்பி நீளம் இரண்டு சென்டிமீட்டர் கூடினால் போதும், இருபது வருஷத் தோளும் ஸ்ருதி தப்பும். வாத்தியம் பெங்களூரில், ஆள் ஸ்கெலட்டனில் என்றால் சாதகம் எதில் செய்வது? சமையலறைச் சுவரில் விரலை விரித்தா?

கொண்டுவந்து வீட்டில் வைத்தாலும் நிம்மதி இல்லை. சென்னைக் கடற்காற்றில் ஒரு வாரம் இருந்து கோலார் வறட்சிக்குத் திரும்பிய பலகை சுருங்கும். விலாவுக்கும் பலகைக்கும் நடுவே விரல்முட்டியால் தட்டிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் சத்தம் மாறிக் கேட்கும்: பசை விட்டிருக்கிறது. அது பழுதல்ல. விலங்குத் தோலில் காய்ச்சிய அந்தப் பசையை விட்டுக்கொடுப்பதற்காகவே போடுகிறார்கள். இல்லையென்றால் பலகை பிளக்கும். திரும்ப ஒட்டத் தெரிந்த கை பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கையைத் தேடிப் போவதற்கும் குட்டியானைதான்.

பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் கடைசிப் பகுதியில்தான் செல்லோவும் பேஸும் பாடகர்களுக்கு முன்னால் வாய் திறக்கின்றன. அதுவரை முக்கால் மணி நேரம் மற்றவர்களுக்குப் பின்னால்தான். கைதட்டல் முடிந்ததும் வயலின்காரர்கள் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்கள். பேஸ்காரர் வில்லிலிருந்து உதிர்ந்த ரோசின் தூளைத் துடைத்து, வாத்தியத்தைப் பையில் நுழைத்து, பின்பக்கப் படி வழியாக இறக்கி வைத்துவிட்டு வண்டிக்காரருக்குப் போன் போடுவார். இரவுக்குத் தனி ரேட். தங்கவயலிலிருந்து காலியாகத் திரும்ப வேண்டும் என்பதால், அந்தப் பக்கத்து வாடகையும் இவர் கணக்கில்தான்.