பிலாட்டீஸும் பிசியோவும்: தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு குறிப்பு

பிலாட்டீஸ் என்று இணையத்தில் தேடினால் முதலில் வருவது வழவழப்பான மரத்தரை, ஆளுயரக் கண்ணாடி, ஸ்பிரிங் வைத்த கட்டில் மாதிரி ஒரு மெஷின், அதன்மேல் ஒல்லியாக ஒருவர். இதுக்கும் தூத்துக்குடிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். உப்பளம், துறைமுகம், சங்குகுளி என்று உடம்பை வைத்தே பிழைக்கிற கரை இது. முதுகுவலி, மூட்டுவலிப் பேச்சு இல்லாத தெரு இங்கே இருக்காது. வலி வந்தால் தைலம், கடை மாத்திரை, அதற்கும் கேட்காவிட்டால் "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க" என்ற அறிவுரை. தினக்கூலிக்காரருக்கு ரெஸ்ட் என்றால் அன்றைய சம்பளம் இல்லை என்று அர்த்தம்.

அதனால்தான் அடிபட்ட உடம்பைத் திரும்ப வேலைக்குக் கொண்டுவருகிற பயிற்சிகளைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். நான் மருத்துவத் துறை ஆள் இல்லை. வாசித்ததை எனக்குப் புரிந்த மாதிரி எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான். அந்த வாசிப்பில் பிலாட்டீஸ் அடிக்கடி குறுக்கே வந்தது. கடைசியில் எனக்குத் தேறியது இதுதான்: வலி குறைவதில் பிலாட்டீஸ் என்ற பெயருக்குப் பங்கு கொஞ்சம்தான். யாருக்கு எந்த அசைவு, எப்போது, எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிறவருக்குத்தான் பங்கு அதிகம்.

எங்கிருந்து வந்தது?

ஜோசப் பிலாட்டீஸ் 1883-ல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப்போர் வந்தபோது இங்கிலாந்தில் இருந்தார். எதிரி நாட்டுக்காரர் என்று அவரை ஐல் ஆஃப் மேன் தீவு முகாமில் அடைத்துவிட்டார்கள். அங்கே கூட இருந்தவர்களுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். படுக்கையில் கிடந்தவர்களுக்காகக் கட்டில் ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டினார் என்று ஒரு கதையும் பரவலாகச் சொல்லப்படுகிறது. 1920-களில் நியூயார்க் போய்க் கூடம் திறந்தார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கன்ட்ராலஜி'. அடிபட்ட நடனக்காரர்கள் அவரைத் தேடிப் போனார்கள். 1967-ல் அவர் இறந்த பிறகு அவர் பெயரே முறைக்கும் பெயராகிவிட்டது.

பிசியோதெரபி உலகம் இதைக் கவனித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1996-ல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். நாம் கையைத் தூக்கும்போது, கை அசைவதற்கு முன்பே அடிவயிற்றின் ஆழத்தில் இருக்கிற ஒரு தசை இறுகிக்கொள்கிறது. முதுகுவலி உள்ளவர்களுக்கு அந்த இறுக்கம் தாமதமாக வந்தது. சோதித்தது வலி உள்ளவர் 15 பேர், இல்லாதவர் 15 பேர் மட்டுமே. ஆனாலும் வயிறு, இடுப்பு, முதுகுத் தசைகளைப் பழக்கும் பயிற்சிகளுக்கு அதன்பின் மவுசு கூடியது. பிலாட்டீஸ் பேசுவதும் அதே தசைகளைத்தானே!

சரி, பலன் உண்டா? 2015-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு, முதுகுவலிக்கான 10 ஆய்வுகளை, மொத்தம் 510 பேரை, சேர்த்துப் பார்த்தது. சும்மா இருப்பதைவிட, அல்லது ஏதோ பேருக்குச் செய்வதைவிட, பிலாட்டீஸ் செய்தவர்களுக்கு வலி குறைந்தது; ஆதாரத்தின் தரம் குறைவு முதல் நடுத்தரம் வரை. மற்ற உடற்பயிற்சிகளைவிட இது உசத்தி என்பதற்கு மட்டும் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

இதை ஏமாற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்க ஊருக்கு இது நல்ல செய்தி. விலை உயர்ந்த மெஷின் இல்லாமலும் பலன் கிடைக்கும் என்றுதானே அர்த்தம்? ஒரு பாய், ஒரு ரப்பர் பட்டை, ஒரு மணல்பை. மிச்சம் ஆளின் அறிவு.

மூன்று உடம்பு

அந்த அறிவு என்ன செய்யும் என்பதற்கு மூன்று பேரைக் கற்பனை செய்துகொள்வோம்.

ஒருவர், இருபது முப்பது வருஷம் உப்பளத்தில் குனிந்து வாரி, தலையில் சுமந்த அறுபது வயது அம்மா. முதுகுவலி. வகுப்புக்குப் போனால் 'ஹண்ட்ரட்', 'ரோல் அப்' என்று முதுகை முன்னால் சுருட்டுகிற அசைவுகள் ஆரம்பத்திலேயே வரும். ஆனால் அந்த வயதில் எலும்பு மெலிவு, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ், இருக்க வாய்ப்பு அதிகம். 1984-ல் மேயோ கிளினிக்கில் இப்படி முதுகெலும்பு மெலிந்த 59 பெண்களைப் பார்த்தார்கள். முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குப் புதிதாக முதுகெலும்பு நசுங்கியது. முன்னால் வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம். வளைத்த குழு ஒன்பதே பேர் கொண்ட சின்னக் குழுதான். இருந்தாலும் இந்த வித்தியாசம் அலட்சியப்படுத்தக்கூடியது இல்லை. ஆக, விவரம் தெரிந்த பிசியோ அந்த அம்மாவுக்குச் சுருட்டும் அசைவுகளை விட்டுவிட்டு, குப்புறப் படுத்து நெஞ்சை மெதுவாகத் தூக்குவது, சுவரைப் பிடித்து நிற்பது என்று போவார்.

இன்னொருவர், பழைய துறைமுகத்தில் மாலத்தீவு போகிற தோணிக்கு மூட்டை ஏற்றுகிறவர். முதுகு பிடித்து, வலி காலுக்கு இறங்குகிறது. இவரிடம் பிசியோ முதலில் கேட்க வேண்டியது: சிறுநீர் போவதில் சிரமம் இருக்கிறதா, உட்காரும் இடம் மரத்திருக்கிறதா, கால் பலம் குறைகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் பயிற்சி கிடையாது, உடனே மருத்துவமனைதான். ஒன்றும் இல்லையென்றால் மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பை லேசாக அசைப்பதில் தொடங்கலாம். பிறகு நாலு காலில் நின்று ஒரு கை, எதிர்க்கால் நீட்டல். பிறகு நின்றபடி ரப்பர் பட்டை இழுப்பது. கடைசியில் மணல்பை: முதலில் சின்னது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அவர் நிஜமாகத் தூக்கும் எடையை நோக்கி. மூட்டை தூக்கும்போது நம்ம ஆட்கள் 'தம்' கட்டுவார்கள். ரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு அது அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிடும். பலம் கொடுக்கும் நேரத்தில் மூச்சை வெளியே விடச் சொல்வது பிலாட்டீஸின் பாடம். இவருக்கு அது வேலையிலும் உதவும்.

மூன்றாமவர், திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர். தோள்வலி. இங்கேதான் விஷயம் சீரியஸ்.

அந்தக் காலத்து முத்துக்குளிப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் இறங்கி ஏறினார்கள். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை, சங்குகுளி தொடர்கிறது. இப்போது பலர் படகிலிருக்கும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாக மூச்சு விடுகிறார்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் நெடுநேரம் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேரும். வேகமாக மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி அது குமிழியாகும். தோளிலும் முழங்கையிலும் வலி வருவது இதன் சாதாரண அறிகுறி. பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள், அநேகமாக ஒரு நாளுக்குள் தெரிந்துவிடும். இதற்கு மருந்து பயிற்சி இல்லை, தைலமும் இல்லை. ஆக்சிஜன், பிறகு அழுத்த அறைச் சிகிச்சை. வலி தீர மறுபடி கடலில் இறங்குவது உயிரோடு விளையாடுவது.

வருஷக்கணக்கில் குளித்தவர்களுக்கு இன்னொன்றும் வரலாம்: தோள், இடுப்பு எலும்பின் உருண்டைப் பகுதி ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துப்போவது. எலும்பு உள்ளே சரியும்வரை வலியே தெரியாமல்கூட இருக்கும். அதைப் படம் எடுத்துப் பார்க்காமல் பாரம் ஏற்றினால் என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க.

யாரிடம் போவது?

ஆஸ்திரேலியாவில் 2019 ஏப்ரல் 1 முதல் தனியார் காப்பீட்டிலிருந்து 16 இயற்கைச் சிகிச்சைகளை நீக்கினார்கள். பிலாட்டீஸ் அதில் ஒன்று. அதேசமயம், பிசியோதெரபிஸ்ட் நோயாளியைப் பரிசோதித்து, தன் சிகிச்சையின் பகுதியாக அதே அசைவுகளைச் செய்ய வைத்தால் அது பிசியோதெரபி கணக்கில் போனது. அசைவு ஒன்றுதான், பொறுப்பு வேறு. நம் நாட்டில் துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021 சட்டத்தின் பட்டியலில் பிசியோதெரபி இருக்கிறது. எனவே வகுப்பு நடத்துகிறவரிடம் என்ன படித்திருக்கிறார் என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

முதல் நாளில் மூன்று விஷயம் கவனியுங்க. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாரா? மற்ற நோய்கள், மாத்திரைகள், பழைய அடி பற்றிக் கேட்டாரா? எந்த அறிகுறி வந்தால் நிறுத்த வேண்டும் என்று சொன்னாரா? மூன்றும் நடந்திருந்தால், அவரிடம் இருப்பது வெறும் கோரைப்பாய் என்றாலும் தைரியமாகத் தொடங்கலாம். நீங்கள் கடலில் குளிக்கிறவர் என்றால், அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: கடைசியாக எப்போது குளித்தீர்கள், எத்தனை பாகம் ஆழம், எவ்வளவு நேரம் கீழே இருந்தீர்கள் என்று.