வலென்சியாவின் குடிப்பதிவேடு

ஸ்பெயின் நாட்டு நகர வாழ்க்கையைப் பற்றி வினவுவோர், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் உண்ணும் வழக்கத்தையும், சிறு கடைகள் பல ஐந்து மணி வரை அடைத்துக் கிடப்பதையுமே வியந்து கேட்கின்றனர். அவை ஒரு திங்களில் பழகிவிடும். வலென்சியாவில் குடியேறிய என் போன்ற அயலாருக்கு உயிர்நாடி வேறு; 'பத்ரோன்' எனப்படும் நகராட்சிக் குடிப்பதிவேடே அது.

1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஸ்பெயினில் வாழ்வோர் யாவரும் தாம் வாழும் ஊரின் ஏட்டில் பெயர் பதிதல் வேண்டும். வசிப்புரிமை பெறாதவரும் இதற்கு விலக்கல்லர். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும் மருத்துவ அட்டை பெறவும் இப்பதிவின் சான்றையே கேட்கின்றனர். பின்னாளில் வசிப்புரிமை கோருவோர், இத்தனை ஆண்டுகள் இங்கிருந்தோம் என்று மெய்ப்பிப்பதற்கும் இதுவே சிறந்த ஆதாரம்.

இடர் வீட்டுக்காரரிடம் தொடங்குகிறது. அறையை வாடகைக்கு விடுவார். பெயர் பதிய மட்டும் இசையார். என் அடுத்த அறையில் தங்கியிருந்த இளைஞர் ஒருவர் இதனால் ஓராண்டை இழந்தார். அங்கேயே உண்டு, உறங்கி, உழைத்தும், ஏட்டின்படி அவர் அங்கு இல்லாதவரே! உண்மையில் சட்டம் வீட்டுக்காரரின் தயவை எதிர்பார்க்கவில்லை. அவ்விடத்தில் வாழ்கிறார் என்பது மெய்யானால் போதும். நகராட்சி ஆளனுப்பியும் விசாரித்தறியலாம். வீடே இல்லாதவரையும் பதிவு செய்யலாம். இதனைப் புதிதாய் வருவோருக்குச் சொல்வார்தாம் இல்லை.

படிவத்திலோ தந்தை வழி, தாய் வழி என இரு குடும்பப் பெயர்களுக்கு இடமுண்டு. தலைப்பெழுத்தோடு வாழ்ந்த தமிழர் அங்கே சற்றுத் திகைக்கத்தான் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தைச் சாராத, நீண்டகால வசிப்புரிமையும் பெறாத அயலார், இரண்டாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தல் வேண்டும்; தவறினால் பெயர் நீக்கப்படும். அந்நாளை நான் நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வைக்கிறேன்.