பெரியப்பா ‘குடும்பம்’ இல்லையாம்!

ஜூன் விடுமுறையில் நண்பர்களுடன் பேங்காக்கில் இருந்தேன். பெரியப்பாவுக்கு மாரடைப்பு என்று அம்மா அழைத்ததும், புது டிக்கெட் வாங்கி அன்றிரவே சிங்கப்பூர் திரும்பினேன். பயணக் காப்புறுதியில் இழப்பீடு மறுக்கப்பட்டது. ஒப்பந்தப்படி பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டிதான் குடும்பம். என்னைத் தூக்கி வளர்த்தவர் அதில் வரமாட்டார்.

அப்பாவாக இருந்தாலும் சந்தேகமே. வீட்டில் இருப்பவருக்கு ஏற்கெனவே உள்ள நோய் முற்றிப் பயணம் பாதியில் நின்றால், பல ஒப்பந்தங்கள் பணம் தருவதில்லை. நீரிழிவோ ரத்தக்கொதிப்போ இல்லாத வீடு நம்மில் எத்தனை?

கூடுதல் கட்டணத்துக்கு ஏற்கெனவே உள்ள நோய்களை ஏற்கும் திட்டங்களும் உண்டு. ஆனால், அது பயணிக்கு மட்டுமா, வீட்டில் இருப்பவருக்குமா? டிசம்பர் பயணத்துக்குக் காப்புறுதி வாங்குமுன் இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள்.