கணினி ஏட்டில் நம் பெயர்



பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவதை நாம் அனைவரும் அறிவோம். இன்று வேலைக்கு வந்தவர்கள் இன்னின்னார் என்று கிராணியார் குறித்துக்கொள்கிறார். இத்தகைய கூட்டத்தைக் கணிதத்தில் ‘கணம்’ என்பார்கள். ஒருவர் அதில் இருப்பார், அல்லது இருக்க மாட்டார். யார் முன்னே, யார் பின்னே என்பது முக்கியமன்று; ஒருவரையே இருமுறை எண்ணுவதும் இல்லை. 1874ஆம் ஆண்டில் இக்கணிதத்துக்கு வித்திட்டவர் ஜெர்மானிய நாட்டில் வாழ்ந்த கேன்டர் என்னும் அறிஞர்.

இதனால் நமக்கு என்ன பயன்? ஒரு மாதம் வேலை செய்தவர்கள் முனியம்மா, ராமசாமி, கோவிந்தன், லெட்சுமி என்று வைத்துக்கொள்வோம். இது ஒரு கணம். அம்மாதம் ஊழியர் சேமநிதி கட்டப்பட்டவர்கள் முனியம்மா, ராமசாமி, லெட்சுமி. இது இன்னொரு கணம். இரண்டிலும் இருக்கும் மூவரும் ‘வெட்டு’ எனப்படுவர். முதற் கணத்தில் இருந்து, இரண்டாவதில் இல்லாதவர் ‘வித்தியாசம்’. அவர் கோவிந்தன். உழைத்தும் பணம் சேராத ஒருவரை இரண்டு ஏடுகள் காட்டிக் கொடுத்துவிட்டன அல்லவா?

நாலு பேர் என்றால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இலட்சக்கணக்கானோர் என்றால் கணினி வேண்டும். முற்காலக் கணினிகளில் ஒரு விவரம் எங்கே இருக்கிறது, எந்த வழியாகப் போய் எடுப்பது என்பதையெல்லாம் மனிதரே சொல்லித் தரவேண்டியிருந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த காட் என்னும் கணித அறிஞர் 1970இல் ஒரு புதுவழி காட்டினார். விவரங்களை அட்டவணைகளாக வையுங்கள். ஒவ்வோர் அட்டவணையும் ஒரு கணம். வேண்டியது என்ன என்று மட்டும் கேளுங்கள். அது இருக்குமிடத்தைக் கணினியே தேடிக்கொள்ளும் என்றார். இன்று வங்கிகளும் அலுவலகங்களும் பரவலாகக் கையாள்வது இம்முறையே.

ஆனால், இந்த ஏட்டு முனியம்மாவும் அந்த ஏட்டு முனியம்மாவும் ஒருவரே என்று கணினி எப்படி அறியும்? ரோமன் எழுத்தில் ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் பெயரை எழுதினால், கணினிக்கு அவர்கள் இருவர். ஆகவே, ஒருவருக்கே உரிய எண் ஒன்று தேவை. அதுதான் அடையாள அட்டை எண்.

1990இல் வந்த 12 இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். நம் பண்டார் பாரு, கெடா, பினாங்கு, பேராக் ஆகிய மூன்று மாநிலங்கள் கூடும் இடமாயிற்றே! கெடாவில் பிறந்த அண்ணனுக்கு 02 இருக்கும்; ஆற்றுக்கு அக்கரையில் பாரிட் புந்தாரில் பிறந்த தம்பிக்குப் பேராக்கின் 08 இருக்கும். அது தவறன்று. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை.

1990க்கு முந்திய தாள்களில் பழைய எண்தான் இருக்கும். ஆகவே தாய்மார்களே, வீட்டில் உள்ள பெரியவர்களின் பழைய எண், புதிய எண் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சேமநிதிக் கணக்கறிக்கை மூன்றையும் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து, எண்ணுக்கு எண் ஒத்துப் பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்த பணம் மாதாமாதம் கணக்கறிக்கையில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். பள்ளியில் படிக்கும் கணிதம் அவர்களுக்கு வீட்டிலேயே விளங்கும்.

வேறுபாடு தெரிந்தால், ஆள் இருக்கும்போதே திருத்திக்கொள்வது நல்லது. கணினி விரைவாகத் தேடும்; ஆனால் எழுதியதைத்தான் தேடும்.